நிலக்கரி வரியும் தொழிலாளியின் கூலியும்

மதுரை நூற்பாலைகளில் கதிர்களைச் சுழற்றும் மின்சாரத்தில் ஒரு பங்கு நிலக்கரியை எரித்தே பிறக்கிறது. அப்புகைக்கு விலை வைக்க எண்ணிய மத்திய அரசு, 2010-இல் டன்னுக்கு 50 ரூபாய் மேல்வரி விதித்தது. 2016-இல் அது 400 ரூபாயாயிற்று.

கரிக்கு வரி கூடினால் மின்சாரச் செலவு கூடும். ஆலை ஆட்களைக் குறைக்கும் என்று அஞ்சுவோர் உண்டு. அவ்வச்சம் வீணன்று. ஆயினும், வரிப்பணம் எங்கே செல்கிறது என்பதையும் நாம் கேட்க வேண்டும். ஜெர்மனி 1999-இல் எரிபொருள் வரியை உயர்த்தி, அப்பணத்தின் பெரும்பகுதியால் ஓய்வூதியச் சந்தாவைக் குறைத்தது. ஆளை வேலைக்கு வைக்கும் செலவு அதனால் குறைந்தது. நம் நாட்டிலோ, 2017 முதல் இவ்வரி மாநிலங்களின் வருவாய் இழப்பை ஈடுகட்டத் திருப்பப்பட்டது. 2025-இல் அம்மேல்வரி நீங்கி, நிலக்கரிமீதான சரக்கு சேவை வரி 5 விழுக்காட்டிலிருந்து 18 ஆயிற்று.

ஜெர்மனியின் வழி நமக்கு அப்படியே பொருந்தாது. நம் கட்டடச் சித்தாளுக்கும் வயற்கூலிக்கும் ஓய்வூதியச் சந்தாவே இல்லை; எதைக் குறைப்பது? புகைக்கு வாங்கிய பணம் அவர்களுக்குக் கூலியாகவே வந்து சேர வேண்டும். மதுரையைச் சூழ்ந்த கண்மாய்களைத் தூர்வார அது செலவாகட்டும். வேலையும் கிட்டும், வயலுக்கு நீரும் கிட்டும். அப்போதுதான் அவ்வரி ஏழைக்குச் சுமையாகாது.