கடைக்குள் வந்த இணையம்: பெயர் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது

முடிச்சூர் சாலையில் மளிகைக் கடை வைத்திருக்கும் நமது நண்பர் ஒருவருக்கு நேர்ந்ததை முதலில் சொல்லிவிடுகிறோம். பெயர் வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டார். மாதத்தின் முதல் வாரம், சம்பளம் கைக்கு வந்த நேரம், மாலை ஏழு மணி. கடை நிறையக் கூட்டம். பில் போடும் கம்ப்யூட்டர் நின்றுபோனது. கார்டு தேய்க்கும் மெஷினும் நின்றது. சுவரில் மாட்டியிருந்த வெள்ளைப் பெட்டியில் சிவப்பு விளக்கு ஒன்று மின்னிக்கொண்டிருந்தது. இணைப்புக் கம்பெனிக்குப் போன் போட்டால், அந்தப் பக்கம் ஒரு பெண் பிள்ளை, "சார், எல்.ஓ.எஸ். லைட் எரியுதா? ஓ.என்.டி.யை ரீஸ்டார்ட் பண்ணீங்களா?" என்று கேட்டது. அண்ணாச்சிக்கு ஒன்றும் புரியவில்லை. "ஏதோ ஒண்ணு எரியுதும்மா" என்று சொல்லிவிட்டு, பெட்டியின் பின்னால் இருந்த சின்ன ஓட்டையில் ஊசியை விட்டு அழுத்தினார்.

அங்கேதான் வந்தது வினை. அந்த ஓட்டை ரீஸ்டார்ட் அல்ல, ரீசெட். ரீஸ்டார்ட் என்றால் பெட்டியை நிறுத்தித் திரும்பப் போடுவது, அவ்வளவுதான். ரீசெட் என்றால் கம்பெனிக்காரர் அதற்குள் எழுதி வைத்த பயனர் பெயர், கடவுச்சொல் எல்லாம் அழிந்து, பெட்டி தொழிற்சாலையிலிருந்து வந்த நிலைக்குப் போய்விடும். மூல காரணம் என்னவென்று பார்த்தால் சிரிப்புத்தான் வரும். அன்று மதியம் இறக்கிய அரிசி மூட்டை, சுவரோரம் போன கண்ணாடி இழைக் கம்பியின் மேல் சாய்ந்து அதை மடக்கியிருந்தது. மூட்டையை நகர்த்தியிருந்தால் ஐந்து நிமிடத்தில் சரியாகியிருக்கும். ஊசி போட்டதால், ஆள் வந்து மறுபடி எழுதித் தர இரண்டு நாள் ஆயிற்று.

இதைவிடப் பெரிய நட்டம் வேறொன்று. "நெட் இல்லை, ரொக்கமா இருந்தா கொடுங்க" என்று சொல்லி, போனில் பணம் கட்ட வந்தவர்களை எல்லாம் அண்ணாச்சி திருப்பி அனுப்பினார். அவர்கள் எதிர்க்கடைக்குப் போனார்கள். உண்மையில் கல்லாவில் ஒட்டியிருக்கும் க்யூஆர் அட்டைக்கும் கடையின் இணைய இணைப்புக்கும் சம்பந்தமே இல்லை. வாடிக்கையாளர் தம்முடைய போனில், தம்முடைய இணையத்தில்தான் பணம் அனுப்புகிறார். "பணம் பெறப்பட்டது" என்று சத்தம் போடும் பெட்டிக்குள்ளும் பெரும்பாலும் தனியாக ஒரு சிம் அட்டை இருக்கிறது. ஆக, அன்று யுபிஐ வரவு ஒரு நிமிடம்கூட நிற்க வேண்டிய அவசியம் இல்லை.

இதனால்தான் இந்தச் சொற்களை நம் கடை மொழியில் எழுதலாம் என்று எண்ணினோம்.

நாம் அடிக்கடி கேட்கும் பேச்சு "வைஃபை இல்லை, நெட் இல்லை" என்பது. இரண்டும் ஒன்றல்ல. இணையம் என்பது வெளியிலிருந்து கடைக்கு வருகிற சரக்கு. வைஃபை என்பது வந்த சரக்கைக் கடைக்குள் பங்கிட்டுத் தரும் பையன். போனில் வைஃபை குறி முழுதாகக் காட்டும், ஆனால் ஒன்றும் திறக்காது. கடையில் பையன் நிற்கிறான், கொத்தவால் சாவடியிலிருந்து லோடு வரவில்லை, அவ்வளவுதான். அப்போது பையனைத் திட்டி என்ன பயன்?

லோடு வரும் வழியைப் பார்ப்போம். வெளிநாட்டிலிருந்து கடலடிக் கம்பி வழியாக இணையம் சென்னைக் கரைக்கு வந்து சேர்கிறது. சிங்கப்பூருக்கும் சென்னைக்கும் இடையே 2002-ல் போட்ட கம்பி ஒன்று சுமார் 3,200 கிலோமீட்டர். அங்கிருந்து இணைப்புக் கம்பெனியின் நிலையத்துக்கு வந்து, நம் தெருக் கம்பம் வரை கண்ணாடி இழையில் ஒளியாக ஓடி வருகிறது. கம்பத்தில் தொங்கும் சின்னப் பெட்டிக்குள் ஒரு இழை பல இழைகளாகப் பிரிகிறது. 32 இணைப்புகளுக்குப் பிரிப்பது வழக்கமான கணக்கு. அதிலிருந்து ஒரு இழை நம் கடைக்குள் வந்து நுழையும் பெட்டிதான் ஓ.என்.டி. ஒளியை மின்குறியாக மாற்றுவது அதன் வேலை. ஒளி வரவில்லை என்றால் எரியும் சிவப்பு விளக்குதான் எல்.ஓ.எஸ். அது எரிந்தால் கோளாறு கம்பியில் இருக்கிறது, கம்ப்யூட்டரில் அல்ல. மாற்றிய குறியைப் பல கருவிகளுக்குப் பிரித்துக் கொடுப்பது ரவுட்டர். இப்போது பல கம்பெனிகள் இரண்டையும் ஒரே பெட்டிக்குள் வைத்துத் தருகின்றன.

பழைய தொலைபேசிக் கம்பி செம்பு. அதில் நிலையத்திலிருந்தே 48 வோல்ட் மின்சாரம் வரும். அதனால்தான் கரண்டு போனாலும் அந்தக் காலத்துப் போன் பேசியது. கண்ணாடி இழையில் மின்சாரம் வராது. கடையில் கரண்டு போனால் பெட்டியும் அணைந்துவிடும். பில் கம்ப்யூட்டருக்கு யுபிஎஸ் வாங்கிய பலர், 12 வோல்ட் பெட்டிக்கு என்று விற்கிற சின்ன யுபிஎஸ்ஸை வாங்குவதில்லை. கம்ப்யூட்டர் ஓடும், இணையம் இருக்காது. மேற்குத் தாம்பரம், முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் உள்ளவர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2015 டிசம்பர் முதல் தேதி மழையில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் பதிவானது. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் அதே பகுதிகளில் தண்ணீர் நின்றது. ஆகவே பெட்டியை அடித்தட்டில் வைக்காமல் தலைக்கு மேல் மாட்டச் சொல்லுங்கள்.

அடுத்து வேகம். இதில்தான் எடை ஏமாற்றம் போல ஒரு குழப்பம் இருக்கிறது. விளம்பரத்தில் 100 எம்பிபிஎஸ் என்று போடுகிறார்கள். அது பிட் கணக்கு. நாம் இறக்கும் கோப்பு பைட் கணக்கு. எட்டுப் பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட். ஆக 100 எம்பிபிஎஸ் இணைப்பில் ஒரு நொடிக்கு அதிகபட்சம் பன்னிரண்டரை மெகாபைட்தான் இறங்கும். வீசைக்கும் கிலோவுக்கும் உள்ள வித்தியாசம் தெரிந்த பெரியவர்களுக்கு இது ஒன்றும் புதிதல்ல. 'வரை' என்ற சொல்லையும் கவனியுங்கள். 100 வரை என்றால் 100 என்று பொருள் இல்லை. கம்பத்தில் பிரியும் இழையைப் பலர் பங்கு போடுவதால், எல்லா வீட்டிலும் படம் பார்க்கும் இரவு நேரத்தில் வேகம் குறைவது உண்டு.

'அளவில்லாதது' என்ற சொல்லுக்கும் அளவு உண்டு. பல திட்டங்களில் மாதம் 3,300 ஜிபி தாண்டினால் வேகத்தைக் குறைத்துவிடுவார்கள். மளிகைக் கடைக்கு அது எட்டாத தூரம், கவலை வேண்டாம். ஆனால் சொன்ன மாதக் கட்டணத்தின் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி வரும் என்பதைக் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். ஜிஎஸ்டி பதிவு உள்ளவர்கள் கடையின் பெயரிலும் எண்ணிலும் பில் வாங்கினால், அந்த வரியை வரவு எடுக்க முடியுமா என்று ஆடிட்டரிடம் கேட்கலாம். வீட்டு இணைப்பைக் கடைக்கு இழுத்துக்கொண்டவர்களுக்கு இந்த வசதி போய்விடுகிறது.

பிராட்பேண்ட் என்ற சொல்லே நம் கண்ணெதிரே வளர்ந்ததுதான். 1995 ஆகஸ்ட் 15-ல் விஎஸ்என்எல் பொதுமக்களுக்கு இணையம் திறந்தபோது சென்னையும் முதல் நகரங்களில் ஒன்று. டயல் செய்து, கீச்சுக் கீச்சென்ற சத்தம் கேட்டுக் காத்திருந்த காலம் அது. 2004-ல் மத்திய அரசு வகுத்த கொள்கையில் 256 கேபிபிஎஸ் இருந்தாலே பிராட்பேண்ட். 2013-ல் அது 512 ஆனது. 2023-ல் 2 எம்பிபிஎஸ் ஆனது. பில் போடுவதற்கும் கார்டு மெஷினுக்கும் அந்த 2 எம்பிபிஎஸ் தாராளம் என்பது நமது கருத்து. 300, 500 என்று தலையில் கட்டப் பார்ப்பவர்களிடம் "எதுக்கு?" என்று ஒரு கேள்வி கேளுங்கள்.

வேகம் தேவைப்படும் இடம் கேமரா. அதுவும் இறக்குவதில் அல்ல, ஏற்றுவதில். அப்லோட் வேகம் என்று தனியாகக் கேட்க வேண்டும். ஊர்க் கொடைக்குப் போயிருக்கும்போது திருநெல்வேலியிலிருந்து கல்லாவைப் பார்க்க வேண்டும் என்றால், படம் கடையிலிருந்துதானே வெளியே போகிறது? கடையிலேயே உள்ள டிவிஆர் பெட்டியில் பதிவானால் மட்டும் போதும் என்பவர்களுக்கு இணையமே வேண்டாம்.

கேமரா போட வருபவர்கள் 'ஸ்டேட்டிக் ஐபி' வாங்கச் சொல்வார்கள். ஐபி முகவரி என்பது கதவு எண். பழைய முறையில் உலகத்துக்கே சுமார் 429 கோடி எண்கள்தான். அது போதாமல், கம்பெனிகள் ஒரு தெருவுக்கே ஒரு கதவு எண்ணைக் கொடுத்து உள்ளே பிரித்துக்கொள்கின்றன. அதனால் வெளியிலிருந்து நேரே நம் கடைக் கதவைத் தட்ட முடியாது. நமக்கென்று நிலையான எண் வேண்டுமானால் தனிப் பணம். ஆனால் இப்போது வரும் பெரும்பாலான கேமராக்கள், க்யூஆர் குறியை ஸ்கேன் செய்தால் அந்த எண் இல்லாமலே போனில் தெரிகின்றன. முதலில் அதைச் சோதித்துப் பார்த்துவிட்டு, முடியாவிட்டால் மட்டும் பணம் கட்டுங்கள்.

வைஃபை பற்றி ஒரு வார்த்தை. இரண்டு அலைவரிசை உண்டு. 2.4 தூரம் போகும், வேகம் குறைவு. 5 வேகமானது, சுவர் தாண்டினால் சோர்ந்துவிடும். ரவுட்டரை எண்ணெய் டின் அடுக்குக்கும் இரும்பு அலமாரிக்கும் ஃப்ரீஸருக்கும் பின்னால் மறைத்து வைத்தால் எந்த அலையும் வராது. பில் கம்ப்யூட்டர் நகராத பொருள், அதற்கு வைஃபை எதற்கு? லேன் கம்பி ஒன்று இழுத்துவிடுவது மலிவு, நிம்மதி.

"அண்ணாச்சி, வைஃபை பாஸ்வேர்டு என்ன?" என்று கேட்கும் வாடிக்கையாளரிடம் முகத்தை முறிக்க முடியாதுதான். ஆனால் இணைப்பு நம் பெயரில் இருக்கிறது. அதன் வழியே யாராவது தவறு செய்தால், விசாரணை முதலில் நம் கடை வாசலுக்குத்தான் வரும். ரவுட்டரில் 'கெஸ்ட்' என்று தனி வைஃபை உண்டு. கொடுத்துத்தான் ஆக வேண்டுமென்றால் அதைக் கொடுங்கள், பில் கம்ப்யூட்டர் உள்ளதை வேண்டாம். ரவுட்டருக்குள் நுழையும் கடவுச்சொல் 'அட்மின்' என்றே இருந்தால் இன்றே மாற்றச் சொல்லுங்கள்.

மஞ்சள் பலகை எஸ்டிடி பூத் வைத்துச் சம்பாதித்தவர்கள் நம்மில் பலர். அதே முறையில், கடைக்காரர்கள் உரிமம் இல்லாமலே வைஃபையைச் சில்லறையாக விற்கலாம் என்று 2020 டிசம்பரில் மத்திய அமைச்சரவை பிஎம்-வானி திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. அதில் வாடிக்கையாளரின் அடையாளத்தைச் சரிபார்ப்பது கடைக்காரர் பொறுப்பல்ல, அதற்கென்று இடையில் உள்ள நிறுவனங்கள் பார்த்துக்கொள்கின்றன. கல்லூரி, பேருந்து நிலையம் பக்கம் கடை உள்ளவர்கள் விசாரித்துப் பார்க்கலாம். மற்றவர்களுக்குப் பெரிய வருமானம் வரும் என்று நமக்குத் தோன்றவில்லை.

புகார் செய்யும்போது பதிவு எண் கேட்டு வாங்கி, நாளும் நேரமும் சேர்த்துக் குறித்து வையுங்கள். தீராவிட்டால் அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போக அந்த எண் வேண்டும். பணம் ஏமாந்தால் கம்பெனியை அழைத்து நேரம் கழிக்காமல் உடனே 1930 எண்ணை அழைக்க வேண்டும்.

முடிச்சூர் சாலை அண்ணாச்சியைப் போன வாரம் பார்த்தோம். அரிசி மூட்டைகளை எதிர்ச் சுவருக்கு மாற்றிவிட்டார். கம்பி இப்போது பிவிசி குழாய்க்குள் போகிறது. பெட்டியின் பின்னால் இருந்த அந்தச் சின்ன ஓட்டையின் மேல் விலைச் சீட்டு ஒன்றை ஒட்டி வைத்திருக்கிறார். பழைய பில் புத்தகம் இரண்டும் கார்பன் தாளும் கல்லா மேசைக்குள் தயாராக இருக்கின்றன.