பிள்ளையைப் பிடித்துப்போன முன்பணம்

பால்மரத்து இலையில் நோய் விழுந்தால் கந்தகத் தூள் அடிப்பார்கள். அந்த மஞ்சள் தூளையும் அதன் நெடியையும் தோட்டத்துப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 19-ஆம் நூற்றாண்டில் உலகச் சந்தைக்கு வந்த கந்தகத்தில் பெரும்பகுதி இத்தாலியின் சிசிலித் தீவில் வெட்டி எடுத்தது. அதைக் குழிக்குள்ளிருந்து மேலே சுமந்தவர்கள் யார் தெரியுமா, தோழர்களே? ஏழெட்டு வயதுப் பையன்கள்! 'கரூசு' என்பார்கள், அந்த ஊர்ப் பேச்சில் பையன் என்று பொருள்.

பாறை வெட்டுகிறவனும் கூலிக்காரன்தான். சுமை தூக்க ஆள் தேடி, அடுப்பு எரியாத வீடாகப் பார்த்துப் போவான். 100 லீரா, 150 லீரா என்று முன்பணம் கொடுத்துப் பையனைக் கூட்டிக்கொண்டு போய்விடுவான். பணம் திரும்புகிற வரை பையன் அவன் கையில். அந்தப் பணத்துக்குப் பெயர் 'செத்த உதவி'. கங்காணி முன்பணம் பார்த்த நம் பாட்டன்மாருக்கு இதை விளக்கவே வேண்டாம். கூலியில் ஒரு பங்கை மாவாகக் கொடுப்பார்கள், அதுவும் கடை விலைக்கு மேலே. அப்புறம் கடன் எங்கே தீரும்? மீசை முளைத்த பிறகும் அது அப்படியே நிற்கும்.

1876-ல் ஃபிராங்கெத்தி, சொன்னினோ என்ற இரண்டு இளைஞர்கள் தீவைச் சுற்றி வந்தார்கள். சொன்னினோ எழுதியதைப் படித்தால் சோறு இறங்காது. சின்னவன் முதுகில் 25, 30 கிலோ. 16, 18 வயதானால் 70, 80 கிலோ. செங்குத்தான படிகள். உள்ளே வெக்கை தாங்காமல் உடம்பில் துணியே இல்லாமல் ஏறுவார்கள். எலும்பு முற்றாத வயதில் சுமந்து தோள் கோணி, முதுகு வளைந்துபோகும். பட்டாளத்துக்கு ஆள் எடுக்கும்போது இவர்களில் பலரைக் கழித்துவிடுவார்கள்.

பெற்றவர்கள் இருந்தால் கடனைக் கட்டி மீட்கலாம் என்ற ஆசையாவது உண்டு. அநாதைப் பிள்ளைக்கு யார் இருக்கிறார்? ஊர்ச் சுவரில் மரத்தாலான சுழல்பெட்டி ஒன்று வைத்திருப்பார்கள். வளர்க்க வழியில்லாத தாய், இருட்டில் வந்து குழந்தையை அதில் வைத்து, பெட்டியைச் சுழற்றி, மணியடித்துவிட்டுப் போய்விடுவாள். உள்ளே இருப்பவள் எடுத்துக்கொள்வாள். 'கண்டெடுத்தது', 'வீசப்பட்டது' என்று பொருள்படும் குடும்பப் பெயரையே பிள்ளைக்குச் சூட்டுவார்கள். பெயரைக் கேட்டாலே கதை தெரிந்துவிடும். அந்தப் பிள்ளைகளும் குழிக்குள் போனார்கள்.

பத்து வயதுக்குக் கீழ் குழிக்குள் இறக்கக்கூடாது என்று 1886-ல் சட்டம் வந்தது. சட்டம் ஒரு பக்கம், பசி ஒரு பக்கம்.

வெர்கா என்ற சிசிலி எழுத்தாளர் 1878-லேயே ஒரு கதை எழுதினார். மணல் சுரங்கத்தில் வேலை செய்யும் செம்பட்டை முடிப் பையன். அப்பன் மணல் சரிந்து புதைந்துபோகிறான். மகன் நகத்தாலேயே தோண்டுகிறான். பிறகு தாயும் வேறு கல்யாணம் செய்துகொண்டு போய்விடுகிறாள். யாரும் போகத் துணியாத வழியைப் பார்த்துவர அவனையே அனுப்புகிறார்கள். தேட ஆள் இல்லாதவன்தானே? அவன் திரும்பவேயில்லை.

அது கதை. கால்தானிசெத்தா நகருக்கு அருகே ஜெசோலுங்கோ சுரங்கத்தில் 1881 நவம்பர் 12-ல் நடந்தது நிஜம். விளக்கிலிருந்து தீப்பிடித்து வாயு வெடித்தது. செத்தவர்கள் 65 பேர். அவர்களில் 19 பேர் பையன்கள். அந்த 19 பேரில் 9 பேருக்குப் பெயர்கூடத் தெரியவில்லை.