பூந்தமல்லி நெடுஞ்சாலையில் எந்த ஆஸ்பத்திரி?

பூந்தமல்லியில் வண்டி ஏறினால் நெடுஞ்சாலை கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையைத் தாண்டி, சென்ட்ரல் எதிரே ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை வரை கொண்டுபோய் விடும். அதனாலோ என்னவோ, இந்தப் பக்கத்தில் பலருக்கும் சர்க்கரை மாத்திரைக்கும் ஜி.எச்., நெஞ்சுவலிக்கும் ஜி.எச். என்றே பழகிவிட்டது. 1664இல் கோட்டைக்குள் தொடங்கி, 1772இல் இன்றைய இடத்துக்கு வந்த மருத்துவமனை அது. அதன்மேல் மக்கள் வைத்த நம்பிக்கையில் குறை சொல்ல ஏதுமில்லை. ஆனால் மூட்டுவலிக்காரரும் மூளைக்கட்டி உள்ளவரும் ஒரே காலையில் ஒரே வாசலில் நின்றால், இருவருக்குமே நஷ்டம்.

தமிழக அரசு மருத்துவத்தில் மூன்று நிலைகளை மூன்று இயக்குநரகங்கள் நடத்துகின்றன. சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், 30,000 பேருக்கு ஒரு ஆரம்ப சுகாதார நிலையம் என்பது கணக்கு. நகரத்தில் 50,000 பேருக்கு ஒன்று. இவை பொது சுகாதாரத் துறையின் பொறுப்பு. அத்துறையின் ஊழியர்களுக்குப் பயிற்சி தரும் பொது சுகாதார நிறுவனம் பூந்தமல்லியிலேயே இருக்கிறது என்பது இவ்வூர்க்காரர்கள் பலருக்குத் தெரியாது. அடுத்தது, பூந்தமல்லி அரசு மருத்துவமனை போன்ற வட்ட, மாவட்ட மருத்துவமனைகள். அதற்கும் மேலே மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள். திருவள்ளூரில் 2022 ஜனவரியில் ஒன்று திறக்கப்பட்டுவிட்டதால், மேல்நிலைச் சிகிச்சை என்றாலே சென்னைதான் என்ற கட்டாயம் இந்த மாவட்டத்துக்கு இப்போது இல்லை.

இந்த அமைப்புக்கு வித்திட்டது ஜோசப் போர் தலைமையில் 1946இல் வந்த குழு அறிக்கை. காசு இல்லை என்பதால் யாருக்கும் மருத்துவம் கிடைக்காமல் போகக்கூடாது, அது வீட்டுக்குப் பக்கத்திலேயே கிடைக்கவேண்டும் என்று அந்தக் குழு கேட்டது. நாடு விடுதலை பெறும் முன்பே எழுதப்பட்டது என்பதை நினைத்தால் இன்றும் மதிப்பு கூடுகிறது.

கீழ்நிலை என்றால் மட்டமான சிகிச்சை என்ற எண்ணம்தான் நம்மை அலையவைக்கிறது. மாரடைப்பையே எடுத்துக்கொள்வோம். ரத்தக்குழாய் அடைபட்ட நிமிடத்திலிருந்து இதயத் தசை செத்துக்கொண்டே போகிறது. அடைப்பைத் திறக்கும் ஆஞ்சியோபிளாஸ்டி பெரிய மருத்துவமனையில்தான் நடக்கும். ஆனால் நெரிசல் நேரத்தில் பூந்தமல்லி நெடுஞ்சாலையில் அங்கே போய்ச்சேர எவ்வளவு நேரம் ஆகும் என்று நமக்குத் தெரியும். 2023 ஜூனில் தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டம் இந்த இடைவெளிக்காகவே வந்தது. ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அவற்றோடு அடோர்வாஸ்டாட்டின் ஆகிய மாத்திரைகளை ஆரம்ப, துணை சுகாதார நிலையங்களிலேயே முதல் வேளையாகக் கொடுத்து, பிறகு 108இல் ஏற்றி அனுப்புகிறார்கள். அங்கே கழியும் சில நிமிடங்களைத் தாமதம் என்று நினைக்கக்கூடாது. சிகிச்சை அங்கேயே தொடங்கிவிடுகிறது.

எல்லாவற்றையும் கீழிருந்தே தொடங்கவேண்டும் என்றும் இல்லை. தலையில் பலத்த அடி, ஒரு பக்கம் கைகால் விழுந்துபோவது, வாய் கோணுவது என்றால் 108ஐக் கூப்பிட்டு, ஏற்ற மருத்துவமனையை அவர்களே தேர்ந்தெடுக்க விட்டுவிடுவது நல்லது. எங்கே சி.டி. ஸ்கேன் இருக்கிறது, எங்கே நரம்பியல் மருத்துவர் இருக்கிறார் என்பது பதற்றத்தில் இருக்கும் குடும்பத்துக்குத் தெரிய வாய்ப்பில்லை. அவசரப் பிரிவில் நுழைந்ததும் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரிப்பார்கள். பச்சையில் இருப்பவர் காத்திருக்கத்தான் வேண்டும். ‘நாங்க முன்னாடியே வந்தோம்’ என்று சண்டை போடுபவர்களின் வேதனை புரிகிறது. ஆனால் அங்கே வரிசை, வந்த நேரத்தைப் பார்ப்பதில்லை. உயிருக்கு இருக்கும் ஆபத்தைப் பார்க்கிறது.

என் கவலையெல்லாம் திரும்பி வரும் வழியைப் பற்றித்தான். மேலே அனுப்பும்போது ரெஃபரல் சீட்டு உண்டு. ஸ்டென்ட் வைத்தபின், பக்கவாதத்தில் தேறியபின், நோயாளி யார் பொறுப்பு? மாதாமாதம் மாத்திரை வாங்க ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு மறுபடி சென்ட்ரல் வரை போகிறார். முடியாதவர் மாத்திரையையே நிறுத்திவிடுகிறார். ஸ்டென்ட் வைத்தவர் ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் அதே இடம் மறுபடி அடைத்துக்கொள்ளலாம். 19ஆம் நூற்றாண்டில் நோயிலிருந்து தேறிவரும் பிரிட்டிஷ் சிப்பாய்களைத் தங்கவைக்கும் இடமாக இருந்தது இதே பூந்தமல்லி. சிகிச்சை முடிந்த உடம்பு தேறுவதற்குத் தனியாக ஒரு நிலை தேவை என்பது ராணுவத்துக்கு அன்றே தெரிந்திருந்தது. கூலிக்காரருக்கும் அந்த நிலையை உறுதிசெய்வது அரசின் கடமை.

அதற்கான ஏற்பாடு ஓரளவு வந்திருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் ரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. இயன்முறைச் சிகிச்சையும், படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கான நோய்த்தணிப்புக் கவனிப்பும் அதில் உண்டு. ஆனால் பெரிய மருத்துவமனையில் எழுதித்தரும் டிஸ்சார்ஜ் சம்மரி இந்தத் திட்ட ஊழியர்கள் கைக்குப் போய்ச் சேரவேண்டுமே! இன்று அதைப் பெரும்பாலும் நோயாளியின் வீட்டார்தான் சுமக்கிறார்கள். ஆகவே டிஸ்சார்ஜ் நாளன்று மருத்துவரிடம் கேளுங்கள்: எந்த மாத்திரையை எத்தனை மாதம் விடக்கூடாது, எந்த மாத்திரை எங்கள் ஊர் சுகாதார நிலையத்தில் கிடைக்கும், என்ன அறிகுறி வந்தால் இங்கேயே திரும்ப வரவேண்டும்? பதிலைத் தமிழில் எழுதி வாங்கி, இரண்டு நகல் எடுத்து, ஒன்றை அந்த வாரமே பக்கத்துச் சுகாதார நிலையத்தில் கொடுத்துவிடுங்கள்.