உங்களுக்குத் தெரியுமா? முதலில் பயாஸ், பிறகுதான் விண்டோஸ்!

● கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் முதலில் கண்விழிப்பது விண்டோஸ் அல்ல. மதர்போர்டின் ஒரு சின்ன சிப்பில் குடியிருக்கும் பயாஸ். 1970களில் கேரி கில்டால் தன் சிபி/எம் இயங்குதளத்தில் சூட்டிய பெயர் இது. இன்றைய வாரிசு யூஇஎஃப்ஐ.

● விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. விண்டோஸ் 11 கேட்பது யூஇஎஃப்ஐயும், செக்யூர் பூட், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதிகளும். ‘டிபிஎம் இல்லை’ என்று திரை சொன்னாலும் பதற வேண்டாம். பல போர்டுகளில் அது அணைந்தே கிடக்கும்: இன்டெலில் பிடிடி, ஏஎம்டியில் எஃப்டிபிஎம் என்ற பெயரில். சில போர்டுகளில் பயாஸை அப்டேட் செய்ததும் தானே விழித்துக்கொள்ளும். ஆனால், விண்டோஸ் 11 ஏற்காத பழைய பிராசஸரை எந்த அப்டேட்டாலும் இளமையாக்க முடியாது.

● அப்டேட்டின்போது பயாஸ் எழுதப்படும் அந்தச் சில நிமிடங்களில் கரண்ட் போனால், போர்டே முடங்கிவிடலாம். 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது புதுச்சேரியின் பல பகுதிகள் இருளில் மூழ்கின. மழைக்காலத்தில் யூபிஎஸ் இல்லாமல் இந்த வேலையைத் தொடாதீர்கள்!

● 1999 ஏப்ரல் 26-ல் சிஐஎச் வைரஸ் பல கம்ப்யூட்டர்களின் பயாஸை அழித்து, அவற்றைப் பூட் ஆகவே விடாமல் செய்தது.

பயாஸ் அப்டேட் செய்யும் முன்: ஃபைல்களுக்கு பேக்கப் எடுங்கள். டிரைவைப் பூட்டும் பிட்லாக்கர் இருந்தால் ரெகவரி கீயைக் குறித்து வையுங்கள். போர்டின் சரியான மாடலுக்குரிய ஃபைலைத் தயாரிப்பாளரின் இணையதளத்திலிருந்து மட்டுமே இறக்குங்கள்.