சடல மோப்ப நாய்ச் சான்று

சடல மோப்ப நாய் என்பது, அழுகும் மனித உடலிலிருந்து வெளிப்படும் வளிமங்களை முகர்ந்து இடத்தைக் காட்டப் பழக்கப்பட்ட நாய் ஆகும். 2024 வயநாடு நிலச்சரிவில் கேரளக் காவல்துறை இத்தகைய நாய்களைத் தேடுதலில் ஈடுபடுத்தியது. குற்றப் புலனாய்விலும் இவை பயன்படுகின்றன.

நம்பகத்தன்மை

உடல் அகற்றப்பட்ட பின்னரும் மணம் மண்ணில் தங்கக்கூடும். தஞ்சாவூர் உள்ளிட்ட காவிரிப் படுகையில் ஆறும் வாய்க்கால்களும் மிகுதி. ஓடும் நீர் மணத்தைக் கடத்துவதால், நாய் காட்டும் இடமும் உடல் கிடக்கும் இடமும் வேறுபடலாம். பயிற்றுநர் தம்மையறியாமல் தரும் குறிப்பும் நாயைத் திசைதிருப்பலாம். இறந்தவர் யார், கொன்றவர் யார் என்பதை நாயால் உணர்த்த இயலாது.

சட்டநிலை

தடம் தொடரும் மோப்ப நாய் குறித்த அப்துல் ரசாக் வழக்கில் (1969), நாயைக் குறுக்கு விசாரணை செய்ய இயலாது என்ற மறுப்பை இந்திய உச்சநீதிமன்றம் எடுத்துக்காட்டியது. தினேஷ் போர்த்தாகூர் வழக்கில் (2008), மோப்ப நாயைப் புலனாய்வுக்குப் பயன்படுத்தலாம். குற்றத்தை நிறுவும் சான்றாகக் கொள்ளலாகாது என்று தீர்ப்பளித்தது. எனவே நாயின் மோப்பம் தோண்ட வேண்டிய இடத்தைச் சுட்டலாம். குற்றத்தை மெய்ப்பிக்க எலும்பு, குருதி, மரபணுச் சோதனை முதலிய பிற சான்றுகள் தேவை.