உபரி நிலம்: அறிவிக்கைக்கும் ஒப்படைக்கும் இடைப்பட்ட காலம்

நில உச்சவரம்பு பற்றிய விவாதம் பெரும்பாலும் ஏக்கர் கணக்கோடு நின்றுவிடுகிறது. உபரி எனப்பட்ட நிலம் நிலமற்றவர் கைக்கு வந்து சேர எடுத்துக்கொண்ட காலமும் அதே அளவு ஆராயத்தக்கது.

1961ஆம் ஆண்டின் தமிழ்நாடு நிலச் சீர்திருத்தச் சட்டம் ஐவர் கொண்ட குடும்பத்திற்கு 30 தர ஏக்கரை வரம்பாக்கியது. 1964இல் உச்ச நீதிமன்றம் அதனைச் செல்லாது என்றது. அவ்வாண்டே 17ஆவது அரசமைப்புத் திருத்தம் அதனை ஒன்பதாம் அட்டவணையில் சேர்த்துக் காத்தது. 1970இல் வரம்பு 15 தர ஏக்கராகக் குறையவே, கணக்கும் மீண்டும் தொடங்கிற்று.

தர ஏக்கர் நிலவகையையும் தீர்வையையும் பொறுத்தது. சேலம் மாவட்டத்துத் தம்மம்பட்டி போன்று, சுவேத நதியை ஒட்டி நன்செயும் அதற்கப்பால் புன்செயும் கொண்ட ஊர்ப்பகுதிகளில், ஒரு புல எண்ணின் வகைப்பாடு மாறினாலே உபரியின் அளவும் மாறும். ஆட்சேபணைக்கு இதுவே முதல் வாயில். மேல்முறையீடும் தடையாணையும் பின்தொடர்வன. தவிர, எந்நிலத்தை வைத்துக்கொள்வது எனக் குறிப்பிடும் வாய்ப்பு நிலவுடைமையாளருக்கே இருந்தது. தரம் குன்றிய பகுதி உபரியாவதற்கு அது இடமளித்தது.

18ஆம் பிரிவின்படி அறிவிக்கை வெளியானதும் நிலம் அரசைச் சேர்கிறது. தடையாணை நிலவும்வரை உழவு பழைய கையிலேயே நடக்கும்.

ஆட்சித்தமிழ் இறுதிக் கட்டத்தை ‘நில ஒப்படை’ என்கிறது. வழக்கில் அச்சொல் கையில் கொடுப்பதைக் குறிக்கும். கோப்பிலோ ஆணை பிறப்பித்தலோடு அதன் பொருள் முடிந்துவிடுகிறது. எல்லை அளந்து காட்டப்படாத ஆணையைப் பெற்றவர், அந்நிலத்திலேயே கூலிக்கு இறங்க நேரலாம்.