மூவெட் எழுத்துத் தாள்: தமிழில் வாதக் கட்டுரை எழுதும் நீங்கள் ஆங்கிலத்தில் ஏன் தடுமாறுகிறீர்கள்?

செர்டாங் என்றதும் பலருக்கு சிலாங்கூரில் இருக்கும் மலேசிய புத்ரா பல்கலைக்கழகம்தான் ஞாபகத்துக்கு வரும். கெடாவிலும் ஒரு செர்டாங் இருக்கிறது. பண்டார் பாரு மாவட்டத்தில், ரப்பரும் செம்பனையும் சூழ்ந்த சின்னப் பட்டணம்.

கெடா செர்டாங்கில் ஆறாம் படிவம் படிக்கும் ஒருவர் சிலாங்கூர் செர்டாங்கிற்குப் படிக்கப் போக வேண்டுமென்றால், எஸ்.டி.பி.எம். முடிவு மட்டும் போதாது. மூவெட் முடிவும் கையில் இருக்க வேண்டும். தமிழ்ப்பள்ளியில் ஆறு வருடம், பிறகு மலாய்மொழியில் இடைநிலைப்பள்ளி என்று வந்தவர்களுக்கு, அதில் கிலி பிடிக்க வைப்பது பெரும்பாலும் எழுத்துத் தாள்தான்.

அந்தத் தாள் என்ன கேட்கிறது, வீட்டில் ஆங்கிலம் பேசாதவர்கள் அதற்கு எப்படித் தயாராகலாம்? பார்ப்போம்.

மூவெட் என்றால் என்ன?

மலேசியப் பல்கலைக்கழக ஆங்கிலத் தேர்வின் சுருக்கப் பெயர்தான் மூவெட். 1999-இல் தொடங்கியது. மலேசியத் தேர்வு மன்றம் நடத்துகிறது. 2021 முதல், மொழித்திறனை அளக்கும் ஐரோப்பிய அளவுகோலான சி.இ.எஃப்.ஆர். அடிப்படையில் புதிய வடிவத்தில் வருகிறது.

கேட்டல், பேச்சு, வாசிப்பு, எழுத்து என நான்கு பகுதிகள். ஒவ்வொன்றுக்கும் 90 புள்ளிகள், மொத்தம் 360. முடிவு 1.0-லிருந்து 5+ வரையிலான பேண்டாகக் கொடுக்கப்படும். எந்தத் துறைக்கு எத்தனை பேண்ட் என்பதைப் பல்கலைக்கழகங்களே சொல்லும். ஆகவே விண்ணப்பிக்கும் முன் அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

எழுத்துத் தாளுக்கு 75 நிமிடம். கேள்விகள் இரண்டு. முதல் கேள்விக்கு, ஒரு கடிதம் அல்லது மின்னஞ்சலுக்குக் குறைந்தது 100 சொற்களில் பதில் எழுத வேண்டும். இரண்டாவது கேள்விக்கு, குறைந்தது 250 சொற்களில் ஒரு கட்டுரை. ஒரு விஷயத்தைப் பற்றி உங்கள் நிலைப்பாட்டைச் சொல்லி, அதற்குக் காரணம் காட்ட வேண்டும்.

இதைக் கேட்டதும் ஏதாவது ஞாபகம் வருகிறதா? தமிழ் வகுப்பில் எழுதிய வாதக் கட்டுரையேதான். கருத்து, விளக்கம், சான்று என்று ஆசிரியர் பலகையில் எழுதிப் போட்டாரே, அதே வரிசைதான் இங்கேயும்.

பிறகு ஏன் சறுக்குகிறோம்?

முதல் காரணம், மனப்பாடம். 'இந்த உலகமயமாக்கல் யுகத்தில்' என்று தொடங்கும் அலங்கார வரிகளை எந்தத் தலைப்பு வந்தாலும் ஒட்டிவிடுகிறோம். நானும் அப்படித்தான் இருந்தேன். பல்கலைக்கழகத்தில் என் முதல் கட்டுரையைத் திருப்பிக் கொடுத்த விரிவுரையாளர், கடைசியில் ஒரே ஒரு கேள்வி எழுதியிருந்தார்: நீ என்னதான் சொல்ல வர்றே? நான்கு பக்கம் எழுதியும் என்னிடம் அதற்குப் பதில் இல்லை.

இரண்டாவது காரணம், நம்மிடம் ஏற்கெனவே இருக்கும் இரண்டு மொழிகள். 'அவர் ஆசிரியர்' என்று தமிழில் சொன்னால் வாக்கியம் முடிந்துவிடும். மலாயில் 'டியா குரு' என்றாலும் அப்படியே. ஆங்கிலத்தில் நடுவில் ஒரு 'இஸ்' வேண்டும். அவசரத்தில் எழுதும்போது அது விழுந்துவிடுகிறது.

'பத்து மரம் இருக்கு' என்று பேச்சில் சொல்கிறோம். மலாயிலும் எண்ணுக்குப் பிறகு பன்மை தேவையில்லை. அதனால் ஆங்கிலத்தில் கடைசி 'எஸ்' காணாமல் போகிறது. 'தி' என்ற சொல்லுக்கு நேரான ஒன்று இரண்டு மொழியிலும் கிடையாது. 'அதைப் பற்றி விவாதிப்போம்' என்று மனதில் ஓடுவதால் 'டிஸ்கஸ் அபௌட்' வந்துவிடுகிறது. 'டிஸ்கஸ்' மட்டுமே போதும்.

இன்னொன்று, போய், பார்த்து, கேட்டு, வந்து என்று தமிழ் வாக்கியத்தை நீட்டிக்கொண்டே போகலாம். அதே நீளத்தில் ஆங்கிலத்தில் எழுதினால் எழுவாய் எது, வினை எது என்று தெரியாமல் போய்விடும்.

இதற்கெல்லாம் நீங்கள் மந்தம் என்று அர்த்தமில்லை. தவறு எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் தேடிப் பிடிப்பது சுலபம்.

நல்ல பத்தி எப்படி இருக்கும்?

தலைப்பு இது என்று வைத்துக்கொள்வோம்: இளைஞர்கள் சின்ன ஊர்களை விட்டுப் போவது நல்லதா?

பலர் எழுதுவது இப்படி: 'நவீன உலகில் இளைஞர்கள் நாட்டின் தூண்கள். அவர்கள் ஊரை விட்டுப் போவது மிகப் பெரிய பிரச்சினை. எனவே அனைவரும் ஒன்றுபட்டுத் தீர்வு காண வேண்டும்.' இதில் தப்பு எதுவும் இல்லை. ஆனால் எந்த ஊருக்கும், எந்தப் பிரச்சினைக்கும் இதையே எழுதலாம்.

இன்னொரு விதம்: 'பல இளைஞர்கள் ஊரை விட்டுப் போகக் காரணம், படித்த படிப்புக்கேற்ற வேலை வேறிடத்தில் இருப்பதுதான். தெற்குக் கெடாவில் படித்து முடித்த ஒருவர், குலிம் தொழில்நுட்பப் பூங்காவிலோ பினாங்கிலோதான் தொழிற்சாலை வேலை தேட வேண்டியிருக்கலாம். எனவே ஊர்ப்பற்றைப் பற்றிப் பேசுவதை விட, தினமும் வேலைக்குப் போய்த் திரும்பும் அளவுக்குப் பேருந்து வசதி செய்து தருவது உதவும்.'

இதில் கருத்து, காரணம், உதாரணம், அதிலிருந்து வரும் முடிவு எல்லாம் இருக்கிறது. 'எல்லா இளைஞர்களும்' என்று இல்லாமல் 'பல இளைஞர்கள்' என்றும், 'வேண்டும்' என்று அடித்துச் சொல்லாமல் 'வேண்டியிருக்கலாம்' என்றும் இருப்பதைக் கவனியுங்கள். ஆங்கிலத்தில் 'ஆல்' இடத்தில் 'மெனி', 'வில்' இடத்தில் 'மே'. தெரிந்த அளவுக்கு மட்டும் சொல்வது கல்விசார் எழுத்தின் அடிப்படைப் பழக்கம். இதை எழுத எட்டாம் வகுப்பு ஆங்கிலச் சொற்களே போதும்.

எப்படிப் பயிற்சி செய்வது?

வாரத்தில் ஒரு நாள், 75 நிமிடம். கைப்பேசியை அடுத்த அறையில் வைத்துவிட்டு, பேனாவால் எழுதுங்கள்.

- முதல் கேள்விக்கு 25 நிமிடம், கட்டுரைக்கு 50 நிமிடம் என்று பிரித்துக்கொள்ளுங்கள்.
- கட்டுரை நேரத்தில் முதல் 10 நிமிடம் குறிப்பெழுத மட்டும். குறிப்பு தமிழிலோ மலாயிலோ இருந்தாலும் பரவாயில்லை. உங்கள் நிலைப்பாட்டை ஒரே வரியில் சொல்ல முடியாவிட்டால் இன்னும் எழுதத் தொடங்காதீர்கள்.
- கடைசி 5 நிமிடம் சரிபார்க்க. ஒரு முறை வினைச்சொற்களை மட்டும், இன்னொரு முறை பன்மை 'எஸ்'ஸை மட்டும் பாருங்கள்.
- மறுநாள், மோசமான ஒரு பத்தியை மட்டும் திருப்பி எழுதுங்கள். பலர் விட்டுவிடுவது இந்தப் படியைத்தான். புதிதாகப் பத்துக் கட்டுரை எழுதினால் பழைய தவறுகளே பத்து முறை வரும்.
- திரும்பத் திரும்ப வரும் தவறுகளை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

திருத்த ஆள் இல்லையா? ஒரு கூட்டாளியோடு தாளை மாற்றிக்கொள்ளுங்கள். அவருக்கு உங்களை விட ஆங்கிலம் தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை. படித்துவிட்டு, 'நீ சொல்ல வந்தது இதுதானே?' என்று தமிழில் சொல்லட்டும். அவர் சொல்வது வேறாக இருந்தால், எந்த வரியில் குழப்பம் என்று அங்கேயே தெரிந்துவிடும்.

ஏ.ஐ. உதவுமா?

உதவும், நீங்கள் எழுதி முடித்த பிறகு. 'என் வாதத்தில் ஓட்டை எங்கே?', 'இந்த வாக்கியம் ஏன் தவறு?' என்று கேளுங்கள். கட்டுரையையே எழுதித் தரச் சொன்னால் நல்ல கட்டுரை கிடைக்கும், ஆனால் தேர்வு மண்டபத்துக்கு நீங்கள் தனியாகத்தானே போகப் போகிறீர்கள்?

தேர்வோடு முடிந்துவிடுமா?

முடியாது. உபகாரச் சம்பள விண்ணப்பம், மேல்முறையீட்டுக் கடிதம், வேலைக்கான மின்னஞ்சல் எல்லாமே இதே வேலைதான். நமக்கு என்ன வேண்டும், ஏன் வேண்டும், அதற்கு என்ன சான்று என்று முகம் தெரியாத ஒருவரை நம்ப வைக்க வேண்டும். தோட்டத்தில் நம் தாத்தா பாட்டி காலத்தில் அப்படியொரு கடிதம் எழுத, தெரிந்த யாரையாவது தேடிப் போக வேண்டியிருந்தது. இப்போது அந்தக் கடிதத்தை எழுதும் ஆளாக நீங்களே ஆகலாம்.

இந்த வாரம் ஒரே ஒரு பத்தி எழுதிப் பாருங்கள். அடுத்த நாள் அதைத் திருப்பி எழுதுங்கள்.